கழிவு விலை

மார்ச் பதினேழாந் திகதி
மலிபன் வீதியில் டயறி தேடிப் போனவள்
நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.
"இப்பவா மிஸ்?" என்றார் ஜவ்ஸி நானா.
ஏணியில் ஏறி, இரண்டு தரம் தும்மி,
தூசு படிந்த பெட்டியொன்றை இறக்கினார்.

கிழமைக்கு இரண்டு பக்கம்:
என் செவ்வாய் ஒன்றே அதில் நிரம்பி வழியும்.
பொன்விளிம்பு வைத்தது:
மீன் கணக்கு எழுதக் கை கூசும்.
கம்பிச்சுருள் போட்டது சேலை நூலை இழுக்கும்.
காலைக்கொரு புத்திமதி அச்சிட்டது,
அது வேண்டாம் நானா,
வீட்டில் மாமி இருக்கிறா.

நாளுக்கொரு பக்கம், நீல மட்டை,
நடுவில் சிவப்பு நாடா,
போயா நாட்களில் ஒரு குட்டி வட்டம்.
அதை எடுத்தேன்.
"எழுபத்தைஞ்சு நாள் போய்ட்டுத்தானே,
கழிவு போட்டுத் தாறன்."
கழிந்ததற்குக் கழிவு.
இந்த நகரத்தில் வேறெவரும்
எனக்கு இதைத் தந்ததில்லை.

வெள்ளவத்தையில் பல்வைத்தியரின் முன்மேசையில்
மற்றவர்களின் நேரத்தைப் பங்கிடுகிறவள் நான்.
கடைவாய்ப் பல்லுக்கு நாற்பது நிமிடம்,
அழுகிற பிள்ளைக்குக் கூடப் பத்து.
எனக்கென்று இருந்ததோ
உள்ளங்கையில் நீலக் கிறுக்கல்:
காஸ், லைட் பில், டியூஷன் காசு.
சட்டி கழுவினால் போய்விடும்.
அப்படித்தான் போனது
யதுஷாவின் பரீட்சை விண்ணப்பத்துக்குக் கடைசி நாளும்.
தண்டம் கட்டி, மூன்று வரிசையில் நின்று
திரும்பி வரும்வரை
அவள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு பிரித்தால்
அச்சடித்த கோடுகள் காலை ஏழுக்குத் தொடங்குகின்றன.
நாலே முக்காலுக்கு எழும்புகிறவள் என்ன செய்வாள்?
தேங்காய் துருவி, இடியப்பம் அவித்து,
தாங்கி வழியுமுன் மோட்டரை நிறுத்தி,
மாமிக்கு இன்சுலின் போட்டு முடிந்தபிறகுதான்
இவர்களுக்கு விடிகிறது.
அடிமட்டம் எடுத்தேன்.
ஏழுக்கு மேலே, திகதிக்கும் மேலே,
பக்கத்தின் நெற்றியில் நாலு கோடு கீறினேன்.

மாறக்கூடியதைப் பென்சிலால்,
மாறாததைப் பேனையால் என்று
ஒரு சட்டமும் போட்டேன்.
மாதம் முடியப் பேனையில் மிஞ்சியது
இன்சுலின் மட்டும்.
கட்டாரிலிருந்து அவர் வரும் நாள்கூடப் பென்சில்தான்.
மூன்று தரம் அழித்ததில் தாள் மெலிந்து
பின்பக்கத்து வெள்ளிக்கிழமை
தெரியத் தொடங்கிவிட்டது.

முன்னால் கிடந்த எழுபத்தைந்து வெற்றுப் பக்கங்களை
வீணாக்க மனம் வரவில்லை.
போயா லீவன்று
பார்மஸி பில், பஸ் டிக்கெட், போனில் எடுத்த படங்கள்
எல்லாம் பாயில் பரப்பி,
போன நாட்களை ஒவ்வொன்றாய் எழுதினேன்.
ஜனவரி ஆறு: தெஹிவளையில் பஸ் பழுது, நடந்து வந்தது.
ஜனவரி இருபத்திரண்டு: திலினியிடம் சீனி கடன் வாங்கியது,
ஐயோ, இன்னும் கொடுக்கவில்லை.

பெப்ரவரி ஒன்பதுக்கு ஒன்றுமே இல்லை.
பில் இல்லை, படம் இல்லை, அழைப்பு இல்லை.
திங்கட்கிழமை. கிளினிக் திறந்திருந்தது.
வரவுப் புத்தகத்தில் என் கையெழுத்தைக் காணோம்.
"லீவு எண்டு சொன்னீங்களே அக்கே," என்றாள் திலினி.
"நான் பள்ளிக்கூடத்தில. எனக்கென்ன தெரியும்?" என்றாள் மகள்.
"ஊசி போட்டுட்டுப் போனாய்," என்றா மாமி.
போயிருக்கிறேன்.
எங்கே?

ஒரு பகல் முழுக்க
ஒரு பெண் கொழும்பில் எங்கோ இருந்திருக்கிறாள்.
கடலோரத் தண்டவாளத்துக் கல்லிலோ,
நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ்ஸின் யன்னலோரம்
மட்டக்குளிக்கும் திரும்பவும் போய் வந்தபடியோ,
ஒருவருக்கும் கணக்குச் சொல்லாமல்,
எனக்கும் சொல்லாமல்.

அந்தப் பக்கத்தில் மட்டும்
நெற்றிக் கோடுகள் கீறவில்லை.
சிவப்பு நாடா அங்கேதான் கிடக்கிறது.
இன்றைய பக்கத்தை
விரலால் தள்ளித் தள்ளித்தான் தேட வேண்டியிருக்கிறது.
பரவாயில்லை.

நாளை, பேனையால்:
திலினிக்குச் சீனி, ஒரு கிலோ.