மூன்று கால் பின்னல்

ஜெயிலில் அவன் சடையை அறுத்துவிட்டார்கள்.
வெளியே வந்து ஏழு மழை கழித்துத்தான்
என் கைக்குப் பிடிபடும் நீளம் வந்தது.

பேர் லிங். கங்காணி வாயில் லிங்கம்.
பினாங்கில் பிடித்து, மதராஸில் அடைத்து
நடுவட்டத்துக்கு ஏற்றிவிட்ட சரக்கு.
நானும் அப்படித்தான் ஏறினேன்
தாது வருசத்தில், சத்தியமங்கலத்திலிருந்து,
ஒரு படி கம்புக்கு.

பகலெல்லாம் கொயினாப் பட்டை உரித்த விரல்.
ராத்திரி அவன் தலையில் வைத்தால்
கசக்குது என்பான்,
நாக்கில் பட்டதுபோல.

ஆம்பிளைக்கு எதுக்குச் சடை என்றேன்.
மஞ்சு ராஜா உத்தரவாம்.
முன்மண்டையை மழி, பின்னால் வளர்,
இல்லையென்றால் தலையே போகும்.
கடல் தாண்டி வந்த அந்த உத்தரவுக்கு
என் தேங்காயெண்ணெய்தான் செலவு.

அந்த ராஜா முதலில் ராஜா இல்லையாம்.
மாற்றாந்தாய் சோற்றுக்குத் தப்பி
காட்டில் காளானும் கிழங்கும் பொறுக்கி விற்றவன்.
ஒருத்தி வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனான்.
அவள் பேரையும் சொன்னான்,
என் வாயில் நிற்கவில்லை.
ஒரு பெண், இரண்டு ஆண் பெற்றாள்.
பதிமூன்று கவசத்தோடு அவன் சண்டைக்குக் கிளம்ப
அறுந்த வாரெல்லாம் அவள்தான் தைத்தாள்.
இது லிங் சொல்லவில்லை, நான் சேர்த்தது.

அப்புறம் ராணிகள் வந்தார்கள்.
அவன் சிம்மாசனம் ஏறும்போது
அவள் மண்ணுக்குள் இருந்தாள்.
தலைப்பிள்ளையை அப்பனே கொல்லச் சொன்னபோது
குறுக்கே விழ ஆளில்லை.

அவ்வளவுதானா?
அவ்வளவுதான்.
காண்டன் கோட்டைக் காவல்காரன் ஒருத்தன்
குடித்துவிட்டுச் சொன்னதாம்.

ஈர விறகு புகைந்தது.
மூன்று கால் பிரித்து இழுத்துக்கொண்டே கேட்டேன்:
ராஜா ஆகுமுன்னே அவனுக்கு
இதைப் பின்னிவிட்டது அவள்தானே?
அப்போ உங்கள் தேசமே முதுகில் தூக்கித் திரிவது
அவள் கைப்பின்னல்.

சிரித்தான்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
உனக்கு முதலில் பின்னியவள்?

கழுத்து என் கைக்குள் கட்டையானது.
ஆத்தா, என்றான் கொஞ்சம் கழித்து
எங்கள் பாஷையில், பிசகாமல்.

நுனியில் சுற்ற நூல் வேண்டும்.
அவன் தகரப்பெட்டியில் ஒரு சிவப்புக் கயிறு உண்டு,
இரண்டு ஜெயிலிலும் தொலையாதது.
நான் பார்த்திருக்கிறேன்.
அதை எடுக்கவில்லை.
என் முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டினேன்,
கொஞ்சம் இறுக்கமாகவே.