உக்காஸ்

அர்ஹாங்கெல்ஸ்க் நகரில்,
வட்டார அகராதிப் பிரிவின் இரண்டாம் மாடியில்
வெந்நீர்க் குழாய் ஒழுகும் மார்ச் மாதம்.
ரயீஸா ‘உ’ இழுப்பறையைத் திறக்கிறாள்.
உக்காஸுக்கு மட்டும் நாற்பத்தொரு அட்டைகள்.

முதல் பொருள் எல்லாருக்கும் தெரியும்:
முடிசூடியவர் கையெழுத்திட்ட தாள்.
அரக்கு முத்திரையோடு பனிவண்டியில் வரும்.
சந்தையில் முரசடித்து வாசிப்பார்கள்.
கேட்பவர்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும்,
காது விறைத்தாலும்.

வேர் என்னவோ எளியதுதான்.
காட்டு. சுட்டு. அவ்வளவே.
முச்சந்தியின் கைகாட்டி மரத்துக்கும் அதே வேர்,
பள்ளியில் வரைபடத்தைத் தொடும் குச்சிக்கும்,
பேனாவை அழுத்தும் இந்த விரலுக்கும்.
நீட்டிய விரல்
எப்போதோ எழுதக் கற்றுக்கொண்டது.
அதன்பின் சுட்டிய இடமெல்லாம் சுட்டது.

இருபத்தேழாம் அட்டையில் அவள் நிற்கிறாள்.
பினேகா ஆற்றங்கரை, ஏப்ரல் 1957.
சொன்னவர்: ப்ரோஹர், படகோட்டி.
எழுதியவன் ஒரு மாணவன், கிறுக்கல்.
“பனி உடைய ஆரம்பிச்சாச்சு.
ஆத்தைக் கடக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல தாள் ஒட்டியிருக்கு.
நான் கையை விரிச்சு மறிச்சேன்.
உஸ்தீன்யா கேக்கல.
அக்கரையில என் மாடு கறக்காம கத்துது,
தள்ளு, நீ எனக்கு உக்காஸ் இல்லைன்னா.”

அட்டை அங்கே முடிகிறது.

திருப்பிப் பார்க்கிறாள்.
ஒரு தேநீர் வட்டம். ஓர் எண்.
போய்ச் சேர்ந்தாளா?
மாணவனுக்குச் சொல் கிடைத்துவிட்டது,
பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு
அடுத்த வீட்டுக்குப் போயிருப்பான்.

பொருள் இரண்டு, என்று எழுதுகிறாள்:
பேச்சு வழக்கு. மறுப்போடு மட்டும் வரும்.
யாருடைய பேச்சைக் கேட்க வேண்டியதில்லையோ, அவர்.
எழுதிவிட்டுச் சிரிப்பு வருகிறது.
அரியணையில் இருந்த சொல்
ஓர் ‘இல்லை’யின் கையைப் பிடித்துக்கொண்டு
அடுப்படி வரை வந்திருக்கிறது,
புருஷன் முகத்திலும் அண்ணன் முகத்திலும்
எறியப்படுவதற்கு.

மாலையில் பதிப்பாசிரியர் வெனியமீன் லாஸரெவிச்
சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் குறிக்கிறார்:
எடுத்துக்காட்டு நீளம்.
நான்கு சொல் போதும். மாட்டை நீக்கவும்.

சன்னலுக்குக் கீழே த்வீனா இன்னும் வெள்ளையாக.
நடுவில் யாரோ ஒருவர் பையோடு நடக்கிறார்,
நின்று, காலால் தட்டிப் பார்த்து,
மறுபடி நடக்கிறார்.
அவர் கரையேறும் வரை
ரயீஸா விளக்கைப் போடவில்லை.

அச்சுக்குப் போன பிரதியில் மாடு இருக்கிறது.
அக்கரையில்,
மடி கனத்து.