எவ்வளவு மெதுவாக

கும்பகோணத்துக் கடைக்காரர்
நிமிஷத்துக்கு எண்ணூறு தையல் என்றார்.
மன்னார்குடிக்காரர் ஆயிரம் என்றார்,
எம்ப்ராய்டரியும் தானே போடுமாம்.
நான் கேட்டது வேறு:
எவ்வளவு மெதுவாகப் போகும்?

இரண்டு பேருமே என் கணவரைப் பார்த்தார்கள்.
உத்திராபதி வாசலில் நின்று
ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மெஷினைத் தொட்டு இருபத்திரண்டு வருஷம்.
அப்போது ஒரு பிளவுசுக்கு முப்பத்தைந்து ரூபாய்,
லைனிங் வைத்தால் அறுபது.
தீபாவளிக்கு முந்தின ராத்திரி
பதினேழு பிளவுஸ், பதினேழு கழுத்து,
கொக்கி கட்ட ஆள் கிடையாது,
வாசலில் செருப்பைக் கழற்றாமல் நிற்கும் ஜனம்.
அந்தக் கார்த்திகையிலேயே விற்றுவிட்டு
கூட்டுறவுப் பயிற்சிக்குப் பணம் கட்டினேன்.
சைக்கிள் கேரியரில் அது போனபோது
அப்பாடா என்றிருந்தது. வேறொன்றும் இல்லை.

இப்போது சங்கத்தில் நகைக்கடன் பார்க்கிறேன்.
போன ஆடியில்
ஒரு ஜோடித் தோடும் தாலிக்குண்டும் கிடந்த துணிப்பை
அடியில் பிரிந்திருந்தது.
செயலாளர் பின் அடிக்கச் சொன்னார்.
நான் ஊசி கேட்டேன்.
ஒன்பது தையல்.
அவ்வளவுதான்,
அன்று ராத்திரி தூங்கும்வரை
விரல் நுனி மட்டும் விழித்துக்கொண்டிருந்தது.

தைக்கப்போகிறேன் என்றதும் நூர்நிஷா கேட்டாள்:
ரேட் என்னக்கா வெச்சிருக்கே?
ஓரகத்தி
மூன்று சேலையும் ஃபால்ஸும் கொண்டுவந்து
கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள்.
சும்மா தைக்கிறேன் என்று
எப்படிச் சொன்னாலும்
இலவசமாகத் தைக்கிறேன் என்றுதான் காதில் விழுகிறது.

முதலில் ஆன்லைனில் வாங்கினேன்,
டிபன் கேரியர் உயரத்தில், ரோஸ் நிறத்தில்.
ஸ்விட்ச் போட்டதும்
மேஜைமேல் தவளையாகத் தத்தியது.
திருப்பி அனுப்பிய நாளில்
நீடாமங்கலம் கேட் அந்தப் பக்கம் பார்சல் பையன்,
இந்தப் பக்கம் பெட்டியோடு நான்.
நடுவில் நெல் ஏற்றின கூட்ஸ்
முடிவே இல்லாமல் போனது.
அதன் வேகம் எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் ஆபத்சகாயம்.
ஆலங்குடி ரோட்டில்
மருந்தடிக்கிற ஸ்பிரேயர் ரிப்பேர் பார்ப்பவர்.
தோள்பட்டை வார் தைக்க ஒரு கை மெஷின் வைத்திருந்தார்,
கறுப்பு, பேர் தேய்ந்தது,
எண்ணெயும் பூச்சிமருந்தும் கலந்த வாசனை.
அதற்குத் துணையாக இன்னொன்று பெஞ்சடியில்.
மோட்டார் மாட்டித் தரட்டா?
வேண்டாம்.
பெடலாவது?
வேண்டாம்.
வேகம் வராதேம்மா.
வார்த் துண்டொன்றை அழுத்துக்காலில் வைத்து
கைப்பிடியைச் சுற்றினேன்.
ஒரு தையல்.
நிறுத்தினேன்.
ஊசி துணிக்குள் பாதியில் நின்றது,
நின்றுகொண்டே இருந்தது,
நான் என்ன செய்யப்போகிறேன் என்று
அவசரமில்லாமல் கேட்பதுபோல.

மூவாயிரத்து இருநூறு.
உத்திராபதி பேசி இருநூறு குறைத்தார்.
அந்த இருநூறுக்கு நூல் வாங்கினேன்,
எங்கள் வீட்டில் எந்தத் துணிக்கும் சேராத நிறங்களாக.

சனிக்கிழமை மராமத்துக்குக் கரண்ட் இல்லை.
வலது கை சுற்றுவதற்கு.
துணியைக் கொண்டுசெலுத்த இடது கை மட்டும்,
அது இத்தனை வருஷம்
வெறுமனே பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கை.
தலையணை உறை. பச்சைத் துணிக்குக் கத்தரிப்பூ நூல்.
ஒரு பக்கம், திருப்பி இன்னொரு பக்கம்,
அந்தச் சத்தத்திலேயே போய்
நாலாவது பக்கத்தையும் மூடித் தைத்துவிட்டேன்.

உத்திராபதி கையில் வாங்கிப்
புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
உள்ளே என்ன வெச்சுத் தெச்சே?

பிளேடை எடுத்துக்கொண்டு
ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
வாசலில் ஒருவரும் நிற்கவில்லை.
நாலாவது பக்கம் நூல் நூலாகப் பிரிந்து
மடியில் விழுந்தது.
மூன்றாவது பக்கம் கொஞ்சம் கோணல்,
யாரும் கவனிக்க மாட்டார்கள்.
அதையும் பிரித்தேன்.