குட்டை நாற்காலி

நாரின் நகரில் பிப்ரவரி, மைனஸ் இருபது.
எட்டு வயதுப் பிள்ளைகளின் நாற்காலியில்
முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்திருக்கிறேன்.
மடியில் படிவம்.

நாஸ்குல் பின்னம் நடத்துகிறாள்.
வட்ட ரொட்டியை நான்காகப் பிட்டு
ஒரு துண்டைத் தூக்கிக் காட்டும்போது
கை நடுங்குகிறது.
பிள்ளைகள் ரொட்டியைத்தான் பார்க்கிறார்கள்.

கேட்ட கேள்விகள் பதினேழு.
பதினொன்று எர்மெக் என்ற ஒரே பையனுக்கு.
கோடு கிழித்துக் கிழித்து எண்ணினேன்.
எழுதவா?
நேற்றிரவுகூட விடுதியில்
என் கோப்பை உடைந்ததென்று
அவள் கோப்பையில் தேநீர் குடித்தேன்.

எழுதினேன். பொடி எழுத்தில்.

அடுத்த மணி என்னுடையது.
அதே நாற்காலியில் அவள்.
அந்தப் பக்கமே திரும்பாமல் நடத்தி முடித்தேன்,
நன்றாகத்தான் போனது.

தாழ்வாரத்தில் தாள் மாற்றிக்கொண்டோம்.
எனக்கு ஒரே வரி:
ஜன்னலோரம் பச்சைத் தொப்பிச் சிறுமி
தூக்கிய கையை இறக்கவேயில்லை,
வலித்தபோது கை மாற்றிக்கொண்டாள்.

அவள் தன்னுடையதைப் படித்து
"பதினொன்றா?" என்றாள்.
கோட் பையிலிருந்து ரொட்டியை எடுத்தாள்.
மூன்று துண்டு.
நாலாவது எர்மெக்கிடம்.

ஆளுக்கு எவ்வளவு என்று
இரண்டு ஆசிரியைகளுக்கும்
உடனே வரவில்லை.