குலுக்கலில் விழுந்த நதி

எம்.சி. ரோட்டில்
தங்கச்சி மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுத்த அன்று
பில்லோடு தந்த கூப்பனில்
பேரும் போன் நம்பரும் எழுதிப் பெட்டியில் போட்டேன்.
குக்கர் விழும் என்று நினைத்தேன்.
நைல் விழுந்தது.
ஐந்து பகல், நாலு ராத்திரி, இருவருக்கு.

"பொறந்ததுலேர்ந்து தண்ணி மேலதான் கீறேன்,
துட்டு குடுத்தாலும் வேணாம்" என்றார் வீட்டுக்காரர்.
ஓரகத்தி அஞ்சலாட்சியைக் கூட்டிப்போனேன்.
குழாயடித் தகராறில் பதினோரு மாதம் பேசாதவள்
பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில்தான் வாயைத் திறந்தாள்:
"பேனா கீதா?"

இப்போது நெட்டுக்குப்பத்தில்
வலை பிரிக்கிற கைகள் எல்லாம் கேட்கின்றன,
இன்னா பாத்த, இன்னா பாத்த.

கப்பல் என்றார்கள்; அது மிதக்கிற லாட்ஜ்.
இரண்டு கரையும் தெரிகிற தண்ணீர்.
ஆட்டமே இல்லை,
எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

பருந்துக்கு ஒரு கோயில்.
முதலைக்கு ஒரு கோயில்.
செத்த முதலைகளைக் கண்ணாடிக்குள்
வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள்.
ரெண்டாயிரம் வருஷமாம்.
அஞ்சலாட்சி காதோடு சொன்னாள்:
"ஐஸ் வெச்சிருந்தா இன்னும் நல்லா நின்னிருக்கும்."
வழிகாட்டிப் பையன் திரும்பிப் பார்த்தான்.
இரண்டு பேரும் பொய்யாய் இருமினோம்.

எஸ்னா மதகில் கப்பல் காத்திருந்தபோது
கீழே சின்னப் படகுகளில் வந்தார்கள் துணி விற்கிறவர்கள்.
பிளாஸ்டிக் பையில் சுருட்டி
மூன்று மாடி உயரத்துக்கு எறிந்தார்கள்.
வேண்டுமென்றால் பேரம்,
வேண்டாமென்றால் திருப்பிப் போடு.
ஒருவன் கால் கட்டைவிரலில் கயிற்றைப் பிடித்துப்
படகை நிறுத்திக்கொண்டு
இரண்டு கையாலும் எறிந்தான்.
அந்தக் கால் எனக்குத் தெரியும்.
என் வீட்டில் இருக்கிறது.
ஏலத்தில் கேட்கிற குரலில் கேட்டேன்,
"கடைசி விலை இன்னா?"
அவன் அவன் பாஷையில் கத்தினான்.
இரண்டு பேருக்கும் புரிந்தது.
ஒரு நோட்டு கூடுதலாய் வைத்துக் கீழே போட்டேன்.
அஞ்சலாட்சி கப்பல் ஊருக்குப் போகும்வரை திட்டினாள்.

தீவில் ஒரு கோயில்.
அணைத் தண்ணீரில் முழுகப் போகிறதென்று
கல்லுக்குக் கல் நம்பர் போட்டு
அறுத்துக் கொண்டுபோய்
வேறு தீவில் அப்படியே அடுக்கினார்களாம்.
பையன் சொன்னதும் எல்லாரும் கைதட்டினார்கள்.
அஞ்சலாட்சி தட்டவில்லை.
காசிமேட்டில் அவள் பிறந்த தெருவிலும்
கதவுக்குக் கதவு நம்பர் போட்டார்கள்,
சிவப்புப் பெயிண்டில்.
பெரும்பாக்கத்துக்கு நம்பர் போய்ச் சேர்ந்தது.
தெரு போகவில்லை.
அவள் ஒரு தூணில் கை வைத்து,
இணைப்பு எங்கே என்று
நகத்தால் தேடிக்கொண்டே இருந்தாள்.

சொல்ல மறந்தேன், முதலைக் கோயில் பக்கத்தில் ஒரு கிணறு.
உள்சுவரில் கோடு கோடாய் அளவு.
வெள்ளம் எந்தக் கோட்டைத் தொட்டதோ
அதைப் பார்த்து அந்த வருஷத்து வரி.
எல்லாரும் ஏறிப் போன பிறகும்
நான் எட்டிப் பார்த்தபடி நின்றேன்.

எங்கள் சுவரிலும் ஒரு கோடு இருக்கிறது.
புயல் வந்த டிசம்பரில்
ஆறு எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து
இடுப்பளவில் இழுத்துவிட்டுப் போன கறுப்பு.
இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும்
மேலே வருகிறது.
அதைத் தொட்டுப் பார்த்து
இன்னும் யாரும் எந்தக் கணக்கும் போடவில்லை.

ஊர் ஞாபகத்துக்கென்று
நாணல் தாளில் எழுதின படம் ஒன்று வாங்கினேன்.
கறுப்புப் படகு, அதில் நாலு சாமி,
ஒருத்தருக்குப் பருந்துத் தலை.
கோட்டின் மேலேயே மாட்டினேன்.
படம் ஒன்றரைச் சாண்தான்.
கோடு இந்தப் பக்கம் உள்ளே போய்
அந்தப் பக்கம் வெளியே வருகிறது.

"இடுப்பு ஒசரத்துல யாராச்சும் படம் மாட்டுவாங்களா?"
என்றார் வீட்டுக்காரர்.
எஸ்னாவில் எறிந்த அங்கியைப் போட்டுக்கொண்டு
அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.
ஒரு பீடி தீரும் மட்டும் பார்த்தார்.
பிறகு சொன்னார்:
"தொடுப்பைத் தப்பாப் புடிச்சிருக்கான்."