இரண்டு வாளிகள்

கோத்தகிரி. தை பிறந்து ஐந்தாம் நாள்.
தூத்துக்குடி ரோச் அனுப்பிய மாதிரி இறால்
அடுப்படியில் இளகுகிறது:
ஒரு வாளியில் பாளம்,
மற்றதில் உதிரி, கிலோவுக்குத் தொண்ணூறு ரூபாய் கூட.

மெல்ல உறைந்தால்
பனி ஊசி ஊசியாய் வளர்ந்து
சதையைக் கிழிக்குமாம், போனில் சொன்னான்.
பாள வாளியில் இளஞ்சிவப்புத் தண்ணீர்.
தராசில் இருநூறு கிராம் காணோம்.
உதிரியின் பளபளப்பும்
காசு கொடுத்து வாங்கும் ஐஸ்தான்.

ஜன்னலுக்கு வெளியே
போஜனின் தேயிலைச் சரிவு
ராத்திரி முழுக்க நிதானமாய் வெளுத்திருக்கிறது.
வெயில் ஏறினால்
கொழுந்து கருகுவது தெரியும்.
அவரிடம் யாரும்
இரண்டு வாளி வைத்துக் கேட்கவில்லை.

"உதிரியே அனுப்பு, ரோச்.
குழம்புக்கு மட்டும்
பாளம் ஐந்து."