கதவு பூட்டு

மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவள் நான்.
முக்கூடல், வீரவநல்லூர், பத்தமடை.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
எல்லா வீட்டுச் சுவரையும் எட்டிப் பார்ப்பேன்.
எண்ணைத் தவிர எதுவும் கேட்பதில்லை.

மார்ச்சிலிருந்து என்னையும் எடுக்கிறேன்.
டாக்டர் ரத்தச் சீட்டை என் பக்கம் திருப்பி
பேனாவால் ஒரு வட்டம் போட்டார்,
அவ்வளவுதான்.

வீட்டில் சுலபம்.
சோற்றுக்குத் தராசு, எண்ணெய்க்குச் சின்னக் கரண்டி,
தேங்காய்ச் சில்லுக்குக்கூட ஓர் எடை.
செல்போனில் தட்டத் தட்ட
ராத்திரி ஒன்பதுக்குக் கூட்டல் சரியாக வந்துவிடும்.

சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டுக் கடையில்
"ரெண்டு பரோட்டா, சால்னா தனியா" என்கிறேன்.
"தனியா எதுக்குக்கா, ஊறுனாத்தான் ருசி" என்று
அவனே பிய்த்துப் போட்டு
மேலே ஊற்றி,
கேட்காமல் இன்னொரு கரண்டியும் ஊற்றிவிட்டுப் போகிறான்.
அந்த இன்னொரு கரண்டி எத்தனை கலோரி?

அல்வாவைச் சொல்லவில்லை.
அதற்கு எண் உண்டு. தெரிந்த எதிரி.

முதல் மாதம் நான் கண்ட வழி
வெளியில் தின்ற நாளை எழுதாமல் விடுவது.
திங்கள் உண்டு. செவ்வாய் பாதி.
புதன்கிழமை நான் பிறக்கவே இல்லை.

பிறகு கல்லிடைக்குறிச்சியில்
எங்கள் ஃபோர்மேன் ஆவுடையப்பன் மகளுக்கு மறுவீடு.
சொதிச் சாப்பாடு, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல்.
'சொதி' என்று தட்டினேன்.
'சோடாவா?' என்று கேட்டது செல்போன்.
கொல்லைக்குப் போய்ச் சமையல்காரரிடமே கேட்டேன்.
"அண்ணாச்சி, தேங்கா எத்தனை?"
"நூத்தி எம்பது."
"எத்தனை பேருக்கு?"
"வந்தவங்களுக்கு."
"இதுல மொதப் பாலா, ரெண்டாம் பாலா?"
"மூணுந்தாம்மா. ஒண்ண விட்டா சொதியா அது?"

பந்தியில் கையை விரித்து இலையை மறைத்தேன்.
ஃபோர்மேன் வீட்டம்மா
விரலிடுக்கில் ஊற்றினாள்.
அன்றைக்கும் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் பத்தமடையில்,
கோரை காயப்போட்ட சந்தில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது.
மீட்டர் உள்ளே.
வழக்கம்போலக் 'கதவு பூட்டு' என்று போட்டேன்.
பூட்டிய வீட்டுக்கு நாங்கள் பூஜ்யம் போடுவதில்லை.
போன தடவை வந்ததையே போடுவோம்.
அடுத்த தடவை கதவு திறந்தால்
கூடவோ குறையவோ அதுவாகச் சரியாகிவிடும்.
வெற்றாக விட்டால்தான் மெமோ.

திரும்பி நடக்கப் போனேன்.
உள்ளே ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது.
ஆளில்லாத வீட்டில்
அது பாட்டுக்கு
ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சந்திலேயே நின்று
நேற்றைக்கு எழுதினேன்:
சொதிச் சாப்பாடு, சுமார் ஆயிரத்து இருநூறு.
அதற்கு முந்தின புதனுக்கு:
பரோட்டா, இன்னொரு கரண்டியோடு, எண்ணூறு இருக்கலாம்.
தப்பாகத்தான் இருக்கும்.
எத்தனை தப்பு என்பதை
இடுப்பு ஒருநாள் சொல்லும். அதற்குப் பூட்டு கிடையாது.

இப்போது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'சுமார்'.
சுமார் ஆமவடை. சுமார் எலுமிச்சைச் சோறு.
சில வாரம் எடை இறங்குகிறது,
சில வாரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது
பொட்டல்புதூர் பஸ் மாதிரி.

இன்று முக்கூடலில் பேச்சித்தாய் வீடு.
மடியில் பீடித்தட்டு, பக்கத்தில் தூக்குவாளி.
ரீடிங் எடுத்து அட்டையில் எழுதுவதற்குள்
கருப்பட்டிக் காப்பியை நீட்டிவிட்டாள்.
"குடிச்சிட்டுத்தான் போணும்."
குடித்தேன்.
வாசலிலேயே நின்று செல்போனில் தட்டினேன்.
"எவ்ளோ வந்திருக்கு?" என்றாள்.
நினைப்பெல்லாம் டம்ளரில்.
"தொண்ணூறு" என்றேன்.
"தொண்ணூறு ரூவாதானா!"
தட்டை இறக்கிவைத்து எழுந்தவள்,
நான் வாயைத் திறக்குமுன்
"இரிங்க, முறுக்கு இருக்கு" என்று உள்ளே போனாள்.

டப்பா மூடி திறக்கிற சத்தம்.
எத்தனை கொண்டுவருவாள், தெரியாது.
முறுக்கு, சுமார் என்று
முதலிலேயே எழுதிவைத்தேன்.